பைக் இழுக்காவிட்டால், புகைந்தால், பெற்றோல் குடித்தால்: வன்னிப் புழுதியில் எயார் பில்டரைப் பார்க்கும் முறை

"அண்ணை, பைக் இழுக்குதில்லை. காபரேட்டரைக் கழற்றிப் பாருங்கோ."

"காபரேட்டர் கிடக்கட்டும் தம்பி. பில்டரைக் கடைசியா எப்ப பார்த்தனீ?"

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் கராச் வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அந்த மெக்கானிக் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி. இழுவை குறைவதற்கும் புகைவதற்கும் ஸ்ராட் வராமல் நிற்பதற்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். ஆனால் எங்கள் மண்ணில் மற்ற எதையும் கழற்ற முதல் எயார் பில்டரைப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஸ்குறு டிரைவரும் கொஞ்ச நேரமும் போதும்.

ஏ9, ஏ34, ஏ35 எல்லாம் காப்பற் போட்ட வீதிகள்தான். அதிலிருந்து உள்ளே திரும்பியவுடன் கிறவல். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளிலும், குளக்கட்டிலும், வயல் வரம்போரப் பாதையிலும் ஓடாத பைக் வன்னியில் இல்லை. முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவரின் கண்ணிமை வரை சிவந்துவிடும். அதே காற்றைத்தான் எஞ்சினும் இழுக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். நிறைக்கணக்கில் பெற்றோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு. லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் ஒரு 100 சிசி பைக் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போய்ச் சேரும்போது, வீட்டுக்கு வைக்கும் ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி ஒன்பதை நிரப்பும் அளவு காற்றை உள்ளே எடுத்திருக்கும். அவ்வளவு காற்றிலும் இருந்த புழுதியைப் பிடித்து வைத்திருப்பது உள்ளங்கையளவு கடதாசியோ ஸ்பொஞ்சோதான்.

அறிகுறிகளுக்குப் போக முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பில்டரில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று அடைப்பு: புழுதி நிறைந்து காற்று போகாமல் நிற்பது. மற்றது கசிவு: பில்டரைச் சுற்றிக்கொண்டு புழுதிக் காற்று எஞ்சினுக்குள் போவது. எல்லோரும் பயப்படுவது அடைப்புக்கு. நான் பயப்படுவது கசிவுக்கு. அடைப்பு பைக்கை மந்தமாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும், பில்டரை மாற்றினால் சரி. கசிவு சத்தமில்லாமல் வேலை செய்யும். தெரியவரும்போது எஞ்சினின் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் தொடங்கியது. அதனால் இங்கே ஓடுவதில் பெரும்பாலானவை பழைய எஞ்சின்கள். அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது புதிது வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் பைக்கில் எந்த வகை பில்டர் இருக்கிறது என்று முதலில் தொட்டுப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக உலர்ந்த கடதாசி என்றால் அது உலர் பில்டர். மடிப்புக் கடதாசிதான், ஆனால் விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டுகிறது என்றால் அது எண்ணெய் ஊறிய கடதாசி. கடற்பஞ்சு மாதிரி அமுங்கினால் ஸ்பொஞ்ச். இந்த மூன்றுக்கும் பராமரிப்பு வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்யப்போய்த்தான் பல பில்டர்கள் வீணாகின்றன.

"எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறுதில்லை, இழுவை இல்லை"

நாற்பது வரை ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் அக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறாது. பின்னால் ஒரு மூட்டை நெல்லோ ஆளோ ஏறினால் கியரைக் குறைக்க வேண்டி வரும். அரைவாசி முறுக்கினாலும் முழுதாக முறுக்கினாலும் ஒரே இழுவை என்றால் அடைப்பின் அடையாளம் அது. குறைந்த வேகத்தில் எஞ்சினுக்குத் தேவையான காற்று கொஞ்சம், அடைபட்ட பில்டராலும் அதைக் கொடுக்க முடியும். வேகம் கூடும்போதுதான் மூச்சு முட்டும்.

இதே முறைப்பாடு வேறு இரண்டு இடங்களிலிருந்தும் வரலாம், அவற்றை முதலில் ஒதுக்குங்கள். எஞ்சின் வீரிட்டுச் சத்தம் கூடி வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. அடைப்பில் எஞ்சின் வீரிடாது, அமுங்கிய குரலில்தான் ஓடும். அடுத்தது பிரேக். நடு ஸ்ராண்டில் விட்டு, நியூற்றலில் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கடதாசிப் பில்டரின் உள்ளே டோச் லைற் அடித்தால் மடிப்புகளின் ஊடாக வெளிச்சம் பரவலாகத் தெரிய வேண்டும். இருட்டாகவே இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை உண்டு. பில்டரை எடுத்துவிட்டு மூடியை மட்டும் பூட்டி, தார் வீதியில், புழுதி இல்லாத நேரம் பார்த்து, கொஞ்சத் தூரம் மட்டும் ஓட்டுங்கள். மழை பெய்து ஓய்ந்த காலை நல்ல நேரம். இழுவை திரும்பி வந்தால் குற்றவாளி பில்டர். இந்தச் சோதனையைக் கிறவலில் ஒரு நிமிடம்கூடச் செய்யக்கூடாது. "நல்லா இழுக்குதே" என்று அப்படியே விட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது.

"பெற்றோல் குடிக்குது, சைலன்சர் கறுப்பாய்ப் புகைக்குது"

2022இல் கியூஆர் கோட்டாவில் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் தங்கள் பைக் எவ்வளவு குடிக்கிறது என்று துல்லியமாக அறிந்திருந்தார்கள். அந்தக் கணக்கை விடாமல் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அறிகுறி முதலிலேயே பிடிபடும்.

காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேட்டர். காபரேட்டர் பைக்கில் நடப்பது இதுதான். காபரேட்டரின் பெற்றோல் கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு ஒரு துளைத் தொடர்பு உண்டு. பில்டர் அடைத்துக்கொண்டால் காற்றுக் குழாய்க்குள் உறிஞ்சல் கூடும். கிண்ணத்தில் அழுத்தம் அப்படியே இருக்கும். ஆகவே ஜெற் எனும் சிறு துளையின் ஊடாகப் பெற்றோல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும். காற்று குறைவு, பெற்றோல் கூட. எரியாத பெற்றோல் கரியாகிப் பிளக்கிலும் சைலன்சரிலும் படியும். காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலை அளந்து தெளிக்கும் எப்ஐ பைக்கில் கணினிப் பெட்டி பெற்றோலையும் குறைத்துவிடும் என்பதால் கறுப்புப் புகை பெரும்பாலும் வராது. இழுவை குறைவது மட்டும்தான் தெரியும். "புகை இல்லை, அப்ப பில்டர் நல்லம்" என்று எப்ஐ பைக்காரர் முடிவுகட்டக் கூடாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் கலவை சரி. உலர்ந்த கறுப்புக் கரி, விரலால் தேய்த்தால் தூளாக ஒட்டுகிறது என்றால் பெற்றோல் கூட. வழவழப்பான ஈரக் கறுப்பு என்றால் அது ஒயில், கதை வேறு. வெளிறிய வெள்ளை என்றால் காற்று கூட. கரி படிந்த பிளக்குக்குப் பில்டர் மட்டும் காரணமாக இருக்கத் தேவையில்லை. சோக் முழுதாகத் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். கிண்ணத்து ஊசி தேய்ந்து பெற்றோல் வழிந்துகொண்டிருக்கலாம், அப்படியென்றால் நிறுத்தி வைத்த இடத்திலும் பெற்றோல் மணக்கும்.

இங்கே ஒரு வேண்டுகோள். பில்டரைப் பார்க்காமல் டியூனிங் ஸ்குறுவைத் திருப்ப யாரையும் விடாதீர்கள். அடைத்த பில்டருக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்து வைத்துவிட்டால் பைக் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். பிறகொரு நாள் புது பில்டர் போடும்போது காற்று கூடி, கலவை வறண்டு, எஞ்சின் சூடேறத் தொடங்கும். பில்டர் முதலில், டியூனிங் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

"பில்டரைத் துப்புரவாக்கிப் போட்ட பிறகுதான் பிழைச்சது"

இது நிறையக் கேட்கும் முறைப்பாடு. அதனால் துப்புரவாக்கும் முறையையே இங்கே சொல்கிறேன். எங்கே தவறியது என்று நீங்களே பிடித்துவிடலாம்.

கழற்றும் முன்னரே சீற்றையும் பக்கக் கவரையும் பில்டர் பெட்டியின் மூடியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும் அந்தக் கணத்தில் மேலே படிந்திருந்த புழுதி நேரே உள்ளே விழும். பில்டரை எடுத்தவுடன் காபரேட்டர் பக்கம் போகும் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள், திரும்பப் பூட்டும்போது அதை எடுக்க மறக்காதீர்கள்.

உலர் கடதாசி என்றால் அதன் விளிம்பைப் பலகையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றடிக்கலாம், ஆனால் உள்ளேயிருந்து வெளியே. எஞ்சின் உறிஞ்சும் திசைக்கு எதிராகத்தான் புழுதியைத் தள்ள வேண்டும். வெளியேயிருந்து அடித்தால் அது மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். ரயர் கடைக் கொம்பிரசரை ஒட்டிப் பிடித்து அடித்தால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அழுத்தத்தைக் குறைத்து அடியுங்கள். அடித்து முடித்ததும் திரும்பவும் டோச் லைற். மடிப்புகளின் ஊடாக மங்கலான வெளிச்சம் நல்லது. ஊசிமுனை மாதிரிக் கூர்மையாக ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அது துளை, அந்தப் பில்டர் இனி வேண்டாம். கடதாசியைத் தண்ணீரிலோ பெற்றோலிலோ கழுவக் கூடாது.

எண்ணெய் ஊறிய கடதாசிக்குத் துப்புரவே கிடையாது. காற்றடித்தால் எண்ணெய் போய்விடும், எண்ணெய் போனால் நுண்புழுதியைப் பிடிக்கும் சக்தியும் போய்விடும். அழுக்கானால் மாற்றுவதுதான். பார்க்க எப்போதும் மண்ணிறமாகத்தான் இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், கைநூலில் போட்டிருக்கும் கிலோமீற்றரை எங்கள் புழுதிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பொஞ்சை மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிக் கழுவி, பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், கிழியும். பெற்றோலில் கழுவுவது ஸ்பொஞ்சுக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது. மண்ணெண்ணெயானாலும் அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம். நிழலில் நன்றாகக் காய விடுங்கள். காய்ந்த பிறகு எஞ்சின் ஒயில் கொஞ்சம் ஊற்றி, ஸ்பொஞ்ச் முழுக்க ஒரே சீராகப் பரவும்படி பிசைந்து, மிச்சத்தை அமுக்கி வெளியேற்றிவிட வேண்டும். இங்கேதான் பலருக்குப் பிழைக்கிறது. ஒயில் பூசாமல் போட்டால் நுண்புழுதி தடையில்லாமல் போகும். ஒயில் சொட்டச் சொட்டப் போட்டால் காற்று போகாது, அடைத்த பில்டர் மாதிரியே இழுவை குறையும். கழுவிய ஈரத்தோடு போட்டாலும் அதே கதைதான்.

"நல்லாத்தான் ஓடுது, ஒரு கரைச்சலும் இல்லை"

முறைப்பாடே இல்லாத இந்த இடத்தில்தான் நான் கூட நேரம் நிற்க விரும்புகிறேன். கசிவு இருக்கும் பைக் சில வேளை முன்னையைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஓடுவது போலத் தோன்றும். பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் இளம் பொடியளும் அதைத்தான் சொல்கிறார்கள். பெட்டியில் துளை போட்டால் சத்தம் கூடும், இழுவை கூடியது போலவும் இருக்கும். பில்டர் கிழிந்ததும் சோபாவில் வெட்டிய பஞ்சைத் திணித்துக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. அந்தப் பஞ்சின் துளைகள் புழுதியைப் பிடிக்கும் அளவுக்குச் சிறியவை அல்ல.

எங்கள் புழுதியில் இருக்கும் மணல் துகள் சிலிக்கா. அது சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனதும் ஒயில் படலத்தில் சேர்ந்து, பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் றிங்ஸையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். பிறகு அந்த ஒயிலோடு கீழே இறங்கி மற்றப் பாகங்களுக்கும் போகும். அடையாளங்கள் இவை: கிக்கரை மிதிக்கும்போது முன்னைய எதிர்ப்பு இல்லாமல் கால் லேசாக இறங்குவது, ஒயில் அளவு குறைந்துகொண்டே போவது, கடைசியில் நீலப்புகை. நீலப்புகை வந்த பிறகு பில்டரை மாற்றி ஒன்றும் ஆகாது, போர் வேலைதான்.

இதை முன்கூட்டியே பிடிக்க விரலே போதும். பில்டரைக் கழற்றி, பில்டருக்கும் காபரேட்டருக்கும் இடையில் உள்ள றப்பர்க் குழாயின் உட்சுவரில் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். செம்மண் நிறத்தில் ஒரு கோடு வந்தால் அது பில்டரைத் தாண்டி வந்த புழுதி. எங்கே தாண்டியது என்று தேடுங்கள். மூடியின் றப்பர் ஓரம் வெடித்திருக்கலாம். நாலு ஸ்குறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருக்கலாம், இது மிகவும் சாதாரணம். பில்டர் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் சாய்ந்திருக்கலாம். றப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம். பில்டரின் றப்பர் விளிம்பில் மெல்லிய கோடாகக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கிறீஸில் பில்டர் பதிந்த தடம் வட்டம் முழுதும் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். தடம் விட்டுப்போன இடத்தில்தான் வாசல் திறந்திருக்கிறது.

இதே காரணத்தால் ஆசைக்கு அடிக்கடி பில்டரைத் திறந்து பார்ப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் புழுதி உள்ளே விழ வாய்ப்பு, விளிம்பு சரியாக உட்காராமல் போகவும் வாய்ப்பு.

"ஐடிலிங் ஏறி இறங்குது, விடும்போது சைலன்சர் வெடிக்குது"

பிளக் வெளுத்து, அக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால் காற்று கூட. பில்டர் பக்கக் கசிவைவிட, காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள றப்பரில் வெடிப்பு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கேதான் வெடிப்பு. றப்பரை மாற்றுங்கள், பசை தடவி ஒட்டுவது நிற்காது.

"மழைக்குள் வந்த பிறகு ஸ்ராட் இல்லை"

மாரியில் புழுதி அடங்கிவிடும், பில்டருக்கு வரும் கேடு தண்ணீர். பெட்டியின் அடியில் அடைப்பான் போட்ட ஒரு சிறு குழாய் தொங்கும். அதைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் வடியும். மழைக்காலத்தில் பெற்றோல் அடிக்கும்போதே அதைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். நனைந்த கடதாசி நிழலில் காய்ந்தபின் நெளிந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பொஞ்ச் என்றால் காயவைத்துத் திரும்ப ஒயில் பூசினால் போதும்.

வெள்ளத்துக்குள் போன பைக்குக்கு முறை வேறு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எத்தனையோ பைக்குகள் சீற்று வரை மூழ்கின. வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறி ஓடும் நாட்களில் இப்போதும் சிலர் கடக்கப் பார்க்கிறார்கள். காற்று எடுக்கும் வாய் வரை தண்ணீர் ஏறிவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் செல்ப் அடித்தால் கொனெக்டிங் றொட் வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிறகு கிக்கரை மெல்ல மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயிலைத் திறந்து பாருங்கள், பால் நிறமாக இருந்தால் அதை வடித்துப் புதிது ஊற்றாமல் ஸ்ராட் செய்ய வேண்டாம்.

"பில்டர் பெட்டிக்குள் ஒயில் கிடக்குது"

எஞ்சினின் மூச்சுக்குழாய் பில்டர் பெட்டிக்குள்தான் வந்து சேரும். ஒயிலைக் கூட ஊற்றியிருந்தால் அந்த வழியாக ஏறி வந்து பில்டரை நனைக்கும். அளவைக் குறைத்து, பெட்டியைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். அளவு சரியாக இருந்தும் திரும்ப வந்தால் றிங்ஸ் தேய்ந்திருக்கிறது.

"கொஞ்ச நாள் ஓடாமல் நிண்டது, இப்ப மூச்சுத் திணறுது"

நெல் மூட்டைகளோடு கொட்டிலில் நின்ற பைக் என்றால் பெட்டியைத் திறக்கும்போது கவனம். எலி உமியையும் துணியையும் கொண்டுபோய்க் கூடு கட்டியிருக்கும், கடதாசியைக் கடித்தும் இருக்கும். குளவி, காற்று எடுக்கும் வாயிலேயே மண்கூடு கட்டிவிடும். கூட்டைக் குச்சியால் உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்து எடுங்கள். பில்டர் கடிபட்டிருந்தால் மாற்றுவதுதான் வழி.

எப்போது பார்ப்பது

கைநூலில் உள்ள கிலோமீற்றர் தார் வீதிக்கு எழுதியது. வன்னியில் பருவத்தை வைத்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். காலபோக அறுவடை தொடங்கும் தை, மாசியில் வயல் பக்கம் ஓடுகிறவர்களின் பில்டரில் வைக்கோல் தூசியும் நெல்லின் சுணையும் சேரும். அது மேலாகப் படியும், தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வருவது செம்புழுதி. மாவு மாதிரி மடிப்புக்குள் இறங்கும், தட்டி முழுதாக எடுக்க முடியாது. அறுவடை முடிந்ததும் ஒரு தரம், சோளகத்துக்கு நடுவில் ஒரு தரம், மாரி தொடங்க முதல் ஒரு தரம் பாருங்கள். கிறவல் வீதியில் நாளாந்தம் வேலைக்குப் போகிறவர்கள் சோளக காலத்தில் மாதம் ஒரு முறை பார்க்கலாம். டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காமல் புழுதி அடங்கும் தூரத்துக்குப் பின்தங்குங்கள், பில்டரின் ஆயுள் கூடுவது அதில்தான்.

புதிதாக வாங்கும்போது பழையதைப் பாட்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உயரமும் றப்பர் விளிம்பின் தடிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மடிப்புகள் பழையதைவிடக் குறைவாக இருந்தால் அது சீக்கிரம் அடைக்கும். விளிம்பை நகத்தால் அமுக்கிப் பாருங்கள், றப்பர் மெதுவாக அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்ரிக் மாதிரி விறைப்பாக இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.